அடைச்சா நிக்காது

காருக்கு அடியில் தலையை விட்டிருந்த ஒற்று, ஒரு முடிவுக்கு வந்து தலையை வெளியே எடுக்கும்போது பம்பரில் நன்றாக இடித்துக்கொண்டார்.

"பெட்ரோல்தான்" என்றார், நெற்றியைத் தேய்த்தபடி.

"அதைத்தான் நான் கால் மணி நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்." ஜன்னலுக்கு உள்ளே மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அடுப்பைப் பத்த வைக்கவே பயமா இருக்கு."

"நீ சொன்னது வாசனை. நான் சொல்றது ஆதாரம்."

இப்படிப் பேசுகிறவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவராகத்தான் இருக்க முடியும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவர் வேலை. எந்தச் சந்தில் ஒரு 'க்' விழுந்து கிடந்தாலும் மோப்பம் பிடித்து எடுத்துவிடுவார் என்பதால், அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று' என்றே பெயர். நாளடைவில் தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவரே சில சமயம் ஃபோனை எடுத்து, "ஒற்று பேசறேன்" என்பார்.

கார் அவருடையது அல்ல. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், பத்து நாள் வெளியூர்ப் பயணம் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன பழைய கார். பழையது என்று அவர் எதிரில் சொல்லக் கூடாது. பிள்ளையைப்போல் வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போதுகூட ஒற்றிடம் கொடுக்காமல் தங்கையிடம் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு மையைத் தவிர வேற திரவம் பழக்கமில்லை, நீ பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வார்த்தை பத்து நாளாக ஒற்றின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு விமான நிலையத்துக்குப் போய், இதே காரில் மச்சானை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கார் பளபளவென்று இருக்க வேண்டும் என்று வாரம் முழுக்கத் துடைத்துத் துடைத்துக் கை காய்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால், போர்ட்டிகோவில் என்ஜினுக்கு நேர் கீழே கையகலத்துக்கு ஈரம்.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே. பிழை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் தொழிலே."

"அது காகிதம். இது கார்."

"ரெண்டையும் வரிவரியா பாக்கணும். 'ஒழுகு'ங்கிறதே நல்ல வினைச்சொல் தெரியுமா? முறைப்படி ஒழுகினா யாரும் தப்பு சொல்லப்போறதில்லை. இது முறை தவறி ஒழுகுது, திருத்திட்டாப் போச்சு."

"இந்த இலக்கணத்தையெல்லாம் சாயங்காலம் எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஒற்று முறைப்படியே தொடங்கினார். பழைய புரூஃப் தாள்களைக் கொண்டுவந்து என்ஜினுக்குக் கீழே வரிசையாக விரித்தார். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் மூன்று சொட்டுகள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு எண் போட்டார். ஒன்று கறுப்பாக இருந்தது, அது ஆயில். ஒன்று வாசனையே இல்லாமல் இருந்தது, அது தண்ணீர். மூன்றாவது அவருடைய நெற்றி வியர்வை. ஆனால் தாளின் ஓரமெல்லாம் பெட்ரோலில் ஊறிக் கிடந்தது. மேலேயிருந்து பெட்ரோல் சொட்டவில்லை. கீழே மட்டும் ஈரம்.

"மேல எங்கேயோ மெதுவா கசியுது" என்ற குரல் கேட்டது. மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் தலை. கேட்காமலே எல்லாவற்றுக்கும் வழி சொல்வதால் தெருவில் அவருக்கு 'ஆலோசனை' என்று பெயர். சொந்தமாகக் கார் கிடையாது என்பதால், காரைப் பற்றி இன்னும் தெளிவாகவே சொல்வார்.

"அந்த ரப்பர் ஹோஸ் பாருங்க, அதைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் லூசா இருக்கும். ஒரு சுத்து இறுக்குங்க."

ஒற்று இறுக்கினார்.

"இன்னும் ஒரு சுத்து."

இறுக்கினார்.

"கடைசியா அரைச் சுத்து."

பதினைந்து வருட ரப்பர் அந்த அரைச் சுற்றைத் தாங்கவில்லை. 'பட்' என்று ஒரு வெடிப்பு விட்டது. அதுவரை வறண்டு கிடந்த இடத்திலிருந்து முதல் முறையாக ஒரு சொட்டு பெட்ரோல் கண்ணெதிரே விழுந்தது.

"கண்டுபிடிச்சாச்சு!" என்றார் ஆலோசனை. "அங்கதான்!"

ஒற்றுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெடிப்பை அடைக்கக் குளியல் சோப்பைப் பிசைந்து அப்பச் சொன்னார் ஆலோசனை. ஒற்று அப்பினார். பிடித்துவிட்டதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரு தும்மல் தும்மியது. சோப்பு உருண்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பி மதில் சுவரைத் தாண்டிப் போயிற்று. ஆலோசனையின் தலை மறைந்து, சற்று நேரம் கழித்து ஒரு கண்ணை மூடியபடி திரும்ப முளைத்தது.

பெட்ரோல் இப்போது நூலாக வந்தது.

ஈரம் எங்கெல்லாம் பரவுகிறது என்று காட்டிக்கொடுக்க முகப்பவுடர் தூவினால் நல்லது என்பது அடுத்த யோசனை. ஒரு டப்பா பவுடரும் காலியானது. என்ஜின், ஒற்று, போர்ட்டிகோத் தரை எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே ஈரம் என்று தெரியவில்லை. எது என்ஜின் என்றும் தெரியவில்லை. ஒற்று வெறுத்துப்போய், ஹோஸின் இரு முனையிலும் இருந்த கிளாம்ப்களைக் குறடால் பிடித்துத் திருகிக் கழற்றி ஒரு தட்டில் போட்டார். அதில் விரலும் கிழிந்தது.

ஜன்னல் திறந்தது. மனைவி அவரை ஒரு முறை பார்த்தாள்.

"மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமைங்கிறதால கடை கிடையாதாம். யாராவது கிடைச்சா அனுப்புறேன்னு சொன்னார். அவர் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. எனக்குத் தலை வலிக்குது, பின்பக்க ரூம்ல படுக்கப் போறேன்."

பத்து நிமிடம் கழித்துக் கேட் திறந்தது.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அந்த வெயிலில் தலையைச் சுற்றித் தாடை வரைக்கும் இறுக்கமாக மஃப்ளர் கட்டியிருந்தார். கைதேர்ந்த வேலைக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு விசித்திரப் பழக்கம் இருக்கும் என்று ஒற்றுக்குத் தெரியும். அவருடைய அச்சகத்தில் ஃபோர்மேன் செருப்பைக் கழற்றினால்தான் மெஷினை ஓட்டுவார்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

வந்தவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வாயைச் சரியாகத் திறக்காமலே, "அம்மா…" என்றார்.

"அம்மா படுத்திருக்காங்க. அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம். இன்னைக்கு இங்க எல்லாம் நான்தான் பாக்கிறேன்."

வந்தவர் ஒற்றைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகமெல்லாம் வெள்ளைப் பவுடர். வலது கையில் குறடு. இடது கை விரலில் ரத்தம்.

"நீங்களா?"

"ஏன், நம்பிக்கை வரலையா? காலைலேருந்து இதே வேலையாத்தான் இருக்கேன். ஏற்கனவே ரெண்டு கழட்டியாச்சு" என்று தட்டை எடுத்து ஆட்டிக் காண்பித்தார்.

வந்தவர் ஓரடி பின்வாங்கினார். ஆனால் அதற்குள் ஆலோசனை மதில் ஏறிக் குதித்து வந்து, கேட்டைச் சாத்தி, ஒரு முக்காலியைப் போட்டுவிட்டார். வந்தவர் உட்கார்ந்தார்.

"காலைலேருந்து என்ன நடந்ததுன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் ஒற்று, கையைத் துடைத்துக்கொண்டு. "சொன்னா உங்க கருத்து கெட்டுப்போகும். நீங்களே சொல்லுங்க. எங்க இருக்கு?"

வந்தவர் தயங்கினார். பிறகு, "கீழ" என்றார்.

ஒற்றும் ஆலோசனையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, "கடைசி" என்றார்.

"கடைசின்னா… பின்னாடியா?"

தலையை மட்டும் அசைத்தார். ஒற்று ஓடிப்போய்க் காரின் வலது பின்பக்கம் குனிந்தார். அங்கே என்ஜின் இல்லை. பெட்ரோல் டேங்க் இருந்தது. காலையிலிருந்து முன்னாலேயே முட்டிக்கொண்டிருந்தாரே தவிர, பின்னால் ஒரு பார்வை பார்க்கவில்லை! தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"ஐயா!" என்று நெகிழ்ந்துவிட்டார். "உக்காந்த இடத்துலேருந்தே சொல்றீங்களே! சரி, இது எத்தனை நாளா இருக்கும்?"

"மூணு நாளா."

ஒற்றுக்கு உடம்பு சிலிர்த்தது. மச்சான் வரும்போது நிறைவாக இருக்கட்டும் என்று அவர் காருக்குப் பெட்ரோல் போட்டு வந்து சரியாக மூன்று நாள் ஆகியிருந்தது.

இவ்வளவு பெரிய கைகாரருக்கு முன்னால் வெறும் கையோடு நிற்கக் கூச்சமாக இருந்தது. மனைவியின் கிளினிக் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. ஒற்று உள்ளே போய் டார்ச் ஒன்றும், நீளமான கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றும் எடுத்துவந்தார். இண்டு இடுக்கெல்லாம் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. கண்ணாடியைப் பார்த்ததும் வந்தவர் 'ஆ'வென்று வாயைப் பிளந்தார்.

"பாத்தீங்களா, அசந்துட்டார்" என்று ஆலோசனையின் காதில் சொல்லிவிட்டு, ஒற்று டேங்க்குக்கு அடியில் ஊர்ந்துபோனார். கண்ணாடியில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. துருதான் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் வந்தவரின் வாய் அப்போதும் திறந்தே இருந்தது. ஒற்று கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் மெதுவாக மூடினார்.

"ஓட்டை தெரியல. ஆனா ஈரம் இருக்கு. இன்னும் கொஞ்சம் சோப்பு இருக்கு, அடைச்சுப் பாக்கலாமா?"

வந்தவர் முதல் முறையாக உறுதியான குரலில் பேசினார். "அடைச்சா நிக்காது. போன தடவை அடைச்சது பேந்து வந்துடுச்சு."

"போன தடவையா? அப்ப ஏற்கனவே அடைச்சிருக்காங்களா! பாருங்க, மச்சான் ஒரு வார்த்தை சொல்லல. அப்ப என்னதான் வழி?"

"எடுத்துடணும்."

"முழுசாவா?"

"அடியோட" என்றார் வந்தவர். கண்ணோரம் லேசாக நீர் கோத்திருந்தது. "ஆடுது வேற."

ஒற்று டேங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பதினைந்து வருடக் காரில் எதைப் பிடித்து ஆட்டினாலும் ஆடும். ஆனால் அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மணி பதினொன்றரை. டேங்க்கைக் கழற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் பெட்ரோலை முதலில் இறக்க வேண்டும். அதுவோ கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆலோசனை வீட்டுக் குழாயை வைத்து உறிஞ்சி விட்டார்கள். இரண்டு வாளி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, சோறு வடிக்கிற பாத்திரம், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி என்று எல்லாம் நிறைந்து வாசற்படிவரை வரிசை கட்டி நின்றது. இனி வீட்டுக்குள் போக வேண்டுமானால் பெட்ரோலைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்தவர் ஒரு முறை எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார். பூவாளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார்.

"டென்ஷன் ஆகாதீங்க, இதோ எடுத்துடலாம்" என்று தட்டிக்கொடுத்தார் ஒற்று.

"ரொம்ப… சிரமமா இருக்குமா?"

"சிரமம்தான், இல்லேன்னு சொல்லமாட்டேன். மரத்துப்போற அளவுக்குக் கை வலிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பா இழுத்துட வேண்டியதுதான்."

வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

உபசாரம் செய்ய வேண்டாமா என்று ஆலோசனை தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் ஒரு மிடறு குடித்ததுதான் தாமதம், "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!" என்று மூச்சை இழுத்துக்கொண்டு முக்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

"கேட்டீங்களா!" ஒற்று துள்ளினார். "காத்து போற சத்தம்! எங்கேயோ காத்து இழுக்குதுங்கிறார்! டேங்க்குக்குப் போற குழாயெல்லாம் கழட்டணும்!"

குழாய்களையெல்லாம் கழற்றினார்கள். எந்தக் குழாய் எந்தத் துளைக்கு என்பது மறந்துபோகாமல் இருக்க ஒற்று ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் குறி போட்டார். பெட்ரோல் பட்டதும் மை அழிந்துபோயிற்று. மூன்று மணிக்கு டேங்க் கடைசி போல்ட்டிலிருந்து விடுபட்டு, 'டமால்' என்று ஆலோசனையின் பாதத்தின் மேல் இறங்கியது. ஆலோசனை அலறினார். அதைப் பார்த்து வந்தவரும் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். எவ்வளவு இளகிய மனசு என்று ஒற்று வியந்தார்.

டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஊசிமுனை அளவுகூட ஓட்டை இல்லை.

ஒற்று தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழை அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் மச்சான் விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்பார். காரோ போர்ட்டிகோவில் நாற்பத்தேழு துண்டாகக் கிடக்கிறது. வாழ்நாள் முழுக்க, குடும்பத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், இனி இந்தக் கதைதான். அழுகை முட்டியது. பவுடர் முகத்தில் அது வழிந்தால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் டாக்ஸி ஒன்று வந்து நின்றது.

"முந்தின ஃப்ளைட்லயே இடம் கிடைச்சுது, ஏன் உங்களை அலைய விடணும்னு…" என்று சிரித்தபடியே உள்ளே வந்த மச்சான், போர்ட்டிகோவைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே போட்டார். டேங்க்கைப் பார்த்தார். ஹோஸைப் பார்த்தார். பூவாளியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை… என்ன இது?"

"பெட்ரோல் ஒழுகிச்சு மச்சான்."

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"நிறைய… கழுத்துவரைக்கும். உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னு."

மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். "டேங்க் மூடியோட வாஷர் போய் ஆறு வருஷம் ஆச்சு! அரை டேங்க்குக்கு மேல நான் ஊத்துறதே இல்லை. உங்க போர்ட்டிகோ சரிவு. பின்னாடி மூடில வழிஞ்சு, தரையோட ஓடி முன்னாடி வந்து நின்னிருக்கு. பாதி பெட்ரோலை இறக்கியிருந்தா போதும்! யாரு உங்களை வண்டியைப் பிரிக்கச் சொன்னது?"

ஒற்று எழுந்தார். இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற தைரியம் வந்திருந்தது.

"நானா ஒண்ணும் பிரிக்கல. முன்பக்கம் மட்டும்தான் என் தப்பு. பின்பக்கம் முழுக்க இந்த ஐயா சொல்லித்தான் செஞ்சோம். வந்து உக்காந்தார், காரைத் தொடக்கூட இல்லை. வலது பக்கம், கடைசின்னார். மூணு நாளான்னார்."

மச்சானின் முகம் மெல்ல மாறியது. மூடி இருந்த இடத்தைப் பார்த்தார். வலது பக்கம். கடைசி. பிறகு முக்காலியைப் பார்த்தார்.

"தொடாமலேயா சொன்னார்?"

"கிட்டகூட வரலை" என்றார் ஆலோசனை, பாதத்தைப் பிடித்தபடி. "அடைச்சா நிக்காதுன்னும் சொன்னார்."

"சரிதானே! நான் அந்த மூடியை எத்தனை தடவை அடைச்சிருப்பேன், நின்னதே இல்லையே." மச்சான் வந்தவரின் எதிரே போய் நின்று, தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா, ஆறு வருஷமா நான் ஏறாத ஒர்க்‌ஷாப் இல்லை. ஒருத்தனாலயும் அதை நிறுத்த முடியல. இனிமே இந்த வண்டி உங்க கைக்குத்தான். மாப்பிள்ளை, முதல் தடவையா ஒரு நல்ல ஆளைப் பிடிச்சிருக்கீங்க!"

ஒற்றுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்து நாள் முள் அந்த ஒரு வார்த்தையில் உதிர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் திறந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு, கையில் ஃபோனோடு மனைவி நின்றாள்.

"வந்துட்டியா அண்ணா? என்னங்க, மெக்கானிக் இப்பதான் பேசினார். ஞாயித்துக்கிழமை ஆள் ஒருத்தரும் கிடைக்கலையாம், நாளைக்குத்தான் அனுப்ப முடியுமாம். ஆமா, மஃப்ளரோட உக்காந்திருக்காரே, அவர் யாரு?"

மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் முக்காலியின் பக்கம் திரும்பின.

அவர் எழுந்து, மஃப்ளரை மெதுவாக அவிழ்த்து, பந்தாக வீங்கியிருந்த வலது கன்னத்தைத் தாங்கிக்கொண்டு சொன்னார்: "கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கலாம்னு வந்தேங்க டாக்டரம்மா, இவங்க வண்டியை முடிச்சதும் எனக்குப் பாக்கிறதா சொல்லியிருக்காங்க, தயவுசெஞ்சு நீங்களே வந்து பாருங்க!"